பாலைத் தடங்கள் – 9: குதிரை கால் வைக்கும் இடம்

சென்ற வாரம் பைரன் கம்மிங்ஸையும் அவருடைய மாணவர்களையும் அரிசோனாவின் செகி மலையிடுக்கில், பெட்டாடாக்கின் குகை வீடுகளுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். 1909, ஆகஸ்ட் மாதம். கம்மிங்ஸ் யூட்டா பல்கலைக்கழகத்தில் டீன். கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுக்க வந்தவர், நடுவயதில் தொல்லியல் பித்துப் பிடித்து, கோடை விடுமுறை வந்தால் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பாலைக்குக் கிளம்பிவிடுவார். கல்லூரி திறக்க அதிக நாள் இல்லை. ஆனால் ஊர் திரும்புமுன் அவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நவஹோ மலைக்குப் பின்புறம் எங்கோ வானவில்லைப் போல வளைந்து நிற்கும் பாறை ஒன்று இருக்கிறது என்று கடைக்கார அம்மாள் ஒருவர் சொல்லியிருந்தார்.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சேணம் பூட்டிய குதிரைகளிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கென்னவோ கதை அந்தக் கடையில்தான் ஆரம்பிக்கிறது என்று தோன்றுகிறது.

லூயிசா வெதரில், கணவர் ஜான் வெதரிலோடு 1906இல் ஒல்ஜாட்டோவுக்கு வந்து கடை போட்டவர். யூட்டா மாநிலத்தின் தென்கோடி. ரயிலடி எங்கோ இருந்தது. சாமான் எல்லாம் வண்டி கட்டித்தான் வரவேண்டும். நவஹோ மக்கள் ஆட்டு உரோமமும் கையால் நெய்த கம்பளியும் கொண்டுவருவார்கள். மாவு, சர்க்கரை, காப்பிக்கொட்டை வாங்கிப்போவார்கள். காசு புழங்குவது அபூர்வம். இப்படிப்பட்ட கடைக்காரர்கள் பலருக்கு நவஹோ மொழியில் எண்களும் பண்டங்களின் பெயர்களும் தெரிந்தால் போதும், பிழைப்பு ஓடிவிடும். லூயிசா அப்படி நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த மொழியில் சரளமாகப் பேசினார், வழக்குத் தீர்த்தார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார், கதை கேட்டார். அவர்கள் அவருக்கு ஒல்லியான பெண் என்று தங்கள் மொழியில் பெயர் வைத்துவிட்டார்கள்.

1907 வாக்கில் உப்புக் குலத்தைச் சேர்ந்த ஒற்றைக் கண் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். வடக்கே வெள்ளைப் பள்ளத்தாக்கில் இருக்கும் இயற்கைப் பாலங்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் அலைகிறார்களே என்று பேச்சு வந்தது. அதைவிட மேலான ஒன்று நவஹோ மலையின் பின்புறம் இருக்கிறது என்றார் பெரியவர். அவ்வளவுதான் லூயிசாவுக்குக் கிடைத்த துப்பு. அதன்பின் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் விசாரித்தார். நவஹோக்கள் யாரும் பிடி கொடுக்கவில்லை. நிஜமாகவே தெரியாதா, சொல்ல மனமில்லையா? இரண்டும் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

சொல்ல மனமில்லாமல் போக நல்ல காரணம் உண்டு. 1864இல் அமெரிக்க ராணுவம், கிட் கார்சனின் தலைமையில், நவஹோ மக்களின் வயல்களை எரித்து, பழத்தோட்டங்களை வெட்டி, பட்டினி போட்டுப் பணியவைத்தது. 8,000க்கும் மேற்பட்டவர்களைக் கிழக்கே நியூ மெக்சிகோவின் பாஸ்கே ரெடோண்டோ வரை நடத்தியே கொண்டுபோனது. நான்கு ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு, 1868இல்தான் ஊர் திரும்ப விட்டார்கள். அந்த நடையில் அகப்படாதவர்களும் உண்டு. ஹொஸ்கினினி என்ற தலைவர் தம் கூட்டத்தோடு இந்த நவஹோ மலைப் பக்கம் வந்து ஒளிந்துகொண்டார். தேடி வந்த படைக்குக் குதிரையை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை, திரும்பிவிட்டது. ஆகவே அந்த மலை அவர்களுக்கு வெறும் மலை அல்ல. காத்த தெய்வம். அதன் முதுகுப்புறம் என்ன இருக்கிறது, எந்த வழியாகப் போகலாம் என்று அந்நியரிடம் சொல்வதற்கு அவர்களுக்கு என்ன அவசரம்?

கடைசியில் வாய் திறந்தவர்கள் நவஹோக்கள் அல்ல, பாயூட்டுகள். மலைக்குக் கிழக்கே பாயூட் பள்ளத்தாக்கில் சோளம் பயிரிட்டுக்கொண்டு, ஆடு மேய்த்துக்கொண்டு இருந்த சிறு இனம். நஸ்ஜா என்பவரும் அவருடைய மகன் நஸ்ஜா பெகேயும் தாங்கள் அதைப் பார்த்திருப்பதாக லூயிசாவிடம் சொன்னார்கள். மகன் வழிகாட்ட ஒப்புக்கொண்டார். லூயிசா கம்மிங்ஸுக்குச் சொன்னார். இந்த ஏற்பாடு இவ்வளவு தூரம் நகர்ந்திருந்தபோதுதான் இன்னொரு கட்சி வந்து சேர்ந்தது.

வில்லியம் பூன் டக்ளஸ், மத்திய அரசின் நில அலுவலகத்தில் சர்வேயர். 1906இல் வந்த தொல்பொருள் சட்டத்தின்படி, அமெரிக்க ஜனாதிபதி ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டால் வரலாற்று அல்லது அறிவியல் முக்கியத்துவம் உள்ள அரசு நிலத்தைத் தேசியச் சின்னமாக்கிவிடலாம். அப்படி ஆக்க வேண்டிய இடங்களை அளந்து வரைபடம் போடுவது டக்ளஸின் உத்தியோகம். ஜிம் மைக் என்ற உள்ளூர் வழிகாட்டி மூலம் அவர் காதிலும் இந்தப் பாலம் விழுந்திருந்தது. கம்மிங்ஸ் கூட்டம் குகை வீடுகளைத் தோண்டிக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அனுமதியை ரத்துசெய்ய வேண்டும் என்று வாஷிங்டனுக்கு எழுதிவிட்டார். எழுதின விஷயம் கம்மிங்ஸுக்கும் எட்டிவிட்டது. இப்படிப்பட்ட இருவரை ஒரே பயணத்தில் சேர்த்துவைத்தவர் ஜான் வெதரில். இரண்டு பேருக்கும் பொதிக்குதிரையும் வழித்துணையும் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். பாலை ஒன்று, வழி ஒன்று, தண்ணீர் இருக்கும் இடமும் ஒன்றுதான். சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாகப் போக இடமில்லை.

ஆக, சுமார் ஒரு டஜன் பேர். அதில் கம்மிங்ஸின் மருமகன் நீல் ஜட், புகைப்படக் கருவியோடு மாணவர் ஸ்டூவர்ட் யங், டக்ளஸின் ஆட்கள், ஜிம் மைக். எல்லோருக்கும் முன்னால், அவசரம் என்பதே அறியாத ஜான் வெதரில்.

இனி அந்த நிலத்தைப் பார்க்கலாம். வரைபடத்தில் பார்த்தால் ஒல்ஜாட்டோவிலிருந்து பாலம் வரை பெரிய தூரம் இல்லை. வரைபடம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. நவஹோ மலை 10,388 அடி உயரத்துக்குக் கவிழ்த்த சட்டிபோல் உருண்டு நிற்கிறது. அதன் சரிவில் விழும் மழைநீர் எல்லாப் பக்கமும் ஓடி, ஒவ்வொரு ஓடையும் தனக்கென்று ஒரு பள்ளத்தை அறுத்துக்கொண்டு கொலராடோ ஆற்றையும் சான் ஜுவான் ஆற்றையும் நோக்கி இறங்குகிறது. மலையைச் சுற்றிப் போகிறவனுக்கு அத்தனை பள்ளங்களும் குறுக்கே கிடக்கும். பள்ளத்தின் வழியே போவதாக இருந்தால் சிரமம் இல்லை. குறுக்கே கடக்க வேண்டும். ஒன்றில் இறங்கி ஏறினால் அடுத்தது காத்திருக்கும். எதிர்க் கரையில் நிற்கிறவரோடு கத்திப் பேசலாம். அவரிடம் போய்ச்சேர அரைநாள் ஆகும்.

இறங்குகிற ஏறுகிற அந்தப் பாறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவஹோ மணற்பாறை என்று பெயர். ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன் சகாரா போலப் பரந்துகிடந்த மணல்மேடுகள் அப்படியே இறுகிக் கல்லானவை. காற்று எந்தச் சாய்வில் மணலைக் கொட்டியதோ அந்தச் சாய்வுகூடக் கோடு கோடாகப் பாறையில் தெரியும். மண் ஒட்டாது, செடி பிடிக்காது. மழையும் காற்றும் இழைத்து இழைத்து யானை முதுகு மாதிரி உருட்டி வைத்திருக்கின்றன. மனிதன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாராளமாக நடக்கலாம், பிடிப்பு நன்றாகவே இருக்கும். குதிரைக்குத்தான் எமன். லாடம் அடிக்காமல் கொண்டுபோனால் சொரசொரப்பில் குளம்பு தேய்ந்து இரண்டாம் நாளே நொண்டும். லாடம் அடித்தால் இரும்பும் கல்லும் உரசிச் சறுக்கும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் சிக்கல். தப்பிக்க ஒரே வழி, எந்தச் சரிவு குதிரை தாங்குகிற சரிவு என்று முன்பே தெரிந்திருப்பது.

இப்படிப்பட்ட இடத்தில் சவாரி என்பதே பாதிதான் நடக்கும். சரிவு வந்தால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். சவாரிக் குதிரையைக் கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடத்திப்போவது ஓரளவு சுலபம். மனிதனின் காலடியைப் பார்த்து அதுவும் வைக்கும். பொதி சுமக்கும் குதிரையின் பாடு வேறு. அதன் இரு விலாவிலும் மாவு மூட்டையும் சமையல் பாத்திரமும், மேலே படுக்கைச் சுருள்கள். அத்தனையையும் ஒரே நீளக் கயிற்றால் வயிற்றைச் சுற்றி இறுக்குவார்கள். முதுகின் மேல் கயிறு சாய்சதுரமாக விழும் அந்தக் கட்டுக்கு டைமண்ட் ஹிட்ச் என்று பெயர். கட்ட இரண்டு ஆள், இருபுறமும் நின்று, ஒருவர் இழுக்க ஒருவர் குதிரையின் விலாவில் காலை ஊன்றிப் பிடிக்க வேண்டும். குதிரைகளிலும் எமகாதகர்கள் உண்டு. கட்டும் நேரம் பார்த்து மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும். நூறு அடி நடந்ததும் மூச்சை விட்டால் கட்டு தளர்ந்து பொதி ஒரு பக்கமாகத் தொங்கும். சமவெளியில் அது நிறுத்திச் சரிசெய்கிற விஷயம். பாறைச் சரிவில் பொதி சாய்ந்தால் குதிரையும் கூடவே போகும். அதனால் நல்ல பொதிக்காரன் ஒரு கட்டுப் போட்டதும் குதிரையைக் கொஞ்சம் நடக்கவிட்டு, அது அசந்த நேரத்தில் இன்னொரு முறை இறுக்குவான்.

கட்டு சரியாக இருந்தாலும் எல்லா இடத்திலும் குதிரை இறங்கிவிடாது. செங்குத்தான இடங்களில் பாறையில் கொத்திப் படி வெட்ட வேண்டியிருக்கும். படி என்றால் கோயில் குளத்துப் படி அல்ல, குளம்பின் முனை பதிகிற அளவுக்கு ஒரு குழி. அதில் முன்னங்காலை வைத்து, பின்னங்காலை மடித்து, ஏறக்குறைய உட்கார்ந்தபடியே குதிரை சறுக்கி இறங்கும். ஜட் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் பாறையில் இடித்து இரத்தம் கசிந்த குதிரைக் கால்கள் இருக்கின்றன. இருபது வயது சொச்சத்தில் பார்த்தது. மனுஷன் கடைசிவரை மறக்கவில்லை.

ஆகஸ்ட் அங்கே மழைக்காலம். பிற்பகலில் மேகம் திரண்டு, இடி இடித்து, அரைமணி நேரம் கொட்டித் தீர்த்துவிடும். பயப்பட வேண்டியது தலையில் விழும் மழைக்கு அல்ல, பத்து மைல் தள்ளிப் பெய்த மழைக்கு. தலைக்கு மேல் வெயில் காயும்போதே பள்ளத்தில் செந்நிறச் சேறாக வெள்ளம் வரும். அதே மழைதான் பாறைக் குழிகளில் சுனையாகத் தேங்கி, மனிதனுக்கும் குதிரைக்கும் குடிநீராகிறது. மழை பிந்தினால் சுனை இல்லை. சுனை இல்லை என்றால் பயணமும் இல்லை. புல் அதைவிடப் பெரிய பிரச்சினை. இரவில் முன்னங்கால்களைத் தளையிட்டு மேயவிடுவார்கள். தளையோடே தத்தித் தத்தி நல்ல புல்லைத் தேடி எங்கோ போய்விடும். விடிந்ததும் முதல் வேலை குதிரை தேடுவது. வெதரில் அதை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லையாம். காப்பி போட்டுக் குடித்துவிட்டு, தடம் பார்த்து நடந்து, எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு திரும்புவார்.

பாயூட் பள்ளத்தாக்கில் இறங்கியபோது நஸ்ஜா பெகே வீட்டில் இல்லை. ஆடுகளோடு எங்கோ போயிருந்தார். தகப்பனாரிடம் சொல்லிவைத்துவிட்டு, மகன் வந்ததும் பின்னாலேயே அனுப்பும்படி கேட்டுக்கொண்டு மேலே நடந்தார்கள். ஜிம் மைக் இருக்கிறாரே என்ற தைரியம். ஆனால் போகப்போக ஜிம் மைக்குக்கு வழி நிச்சயமில்லை என்று தெரிந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலையின் அந்தப் பக்கம் அவருக்குப் பழகிய நிலம் அல்ல. கேள்விப்பட்ட இடத்துக்கும் கால் பதித்த இடத்துக்கும் இந்தப் பாறைக்காட்டில் நிறைய வித்தியாசம் உண்டு.

ஆகஸ்ட் 13 இரவு. உணவு குறைந்துவிட்டது. குதிரைகள் தளர்ந்துவிட்டன. மாணவர்கள் சர்வேயரைப் பற்றி முணுமுணுக்கிறார்கள். சர்வேயருக்கு மாணவர்களைக் கண்டாலே ஆகவில்லை. இருட்டிய பிறகு, தன்னந்தனியாக, தடம் பிடித்து, நஸ்ஜா பெகே குதிரையில் வந்து சேர்ந்தார். அவ்வளவு பெரிய கூட்டத்தைப் பாடாய்ப் படுத்திய வழி. வந்த பையன் இருட்டிலேயே கடந்துவிட்டான்.

மறுநாள் காலை முகாமின் மனநிலையே மாறிவிட்டது. ஆள் முன்னால் போகிறார், தயக்கம் இல்லை. எந்த மேட்டில் ஏற வேண்டும், எந்த விளிம்பில் திரும்ப வேண்டும் என்று குதிரைக்கே சொல்லிவைத்ததுபோல் போகிறார். மணி பதினொன்று இருக்கும். பள்ளத்தின் ஒரு திருப்பத்தில், தூரத்துப் பாறைச் சுவரின் நிழலில், அந்த வளைவை முதலில் கண்டவர் கம்மிங்ஸ். கூப்பிட்டுச் சொன்னார்.

அப்புறம் நடந்தது கொஞ்சம் சிரிப்பான சமாசாரம். டக்ளஸ் குதிரையைத் தட்டிவிட்டு முன்னால் பாய்ந்தார். பாலத்தடியில் முதலில் நிற்பவர் தாமாக இருக்க வேண்டும், அறிக்கையில் அப்படி எழுத வேண்டும். கம்மிங்ஸ் பெரிய மனுஷர். இதற்கெல்லாம் பந்தயம் ஓடுகிறவர் அல்ல. ஜான் வெதரில் பார்த்தார். அத்தனை நாளும் அவசரமே படாத மனிதர் அன்றைக்கு ஒரே ஒரு முறை குதிரையை விரட்டினார், டக்ளஸைத் தாண்டிப் பாலத்தின் அடியில் போய் நின்றார். டக்ளஸுக்கு இரண்டாம் இடம்.

இதை இப்படி எனக்குத் தெரியவைத்தவர்கள் கம்மிங்ஸ் கட்சிக்காரர்கள்தான், முக்கியமாக அவருடைய மருமகன் ஜட். டக்ளஸ் எழுதிய அரசாங்க அறிக்கைகளில் கதை வேறு நிறத்தில் இருக்கும் என்பதையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாலம் எங்கும் ஓடிவிடப் போவதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பாலத்தின் அளவை டக்ளஸ் எடுத்தார். 309 அடி உயரம், 278 அடி அகலம். 1910 மே 30இல் ஜனாதிபதி டாஃப்ட் 160 ஏக்கரைத் தேசியச் சின்னமாக அறிவித்த பிரகடனத்தில் இந்த எண்களே இருக்கின்றன. தேசியப் பூங்காத் துறை பின்னாளில் 290 அடி உயரம், 275 அடி அகலம் என்று திருத்திக்கொண்டது. எண்களை விடுங்கள், அது உண்டான விதம் அதைவிட ருசியானது. கீழே கயெண்டா என்னும் கடினமான அடுக்குப் பாறை, அதன் மேல் நவஹோ மணற்பாறை. ஓடை ஒரு காலத்தில் நீண்ட பாறைச் சுவர் ஒன்றைச் சுற்றி வளைந்து ஓடியது. மணலையும் கல்லையும் உருட்டிக்கொண்டு வந்த வெள்ளம் சுவரின் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அராவிக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஓட்டை விழுந்தது. ஓடை சுற்றுவழியை விட்டுவிட்டு ஓட்டை வழியே நேராகப் போகத் தொடங்கியது. பிறகு விளிம்புகள் உதிர்ந்து உதிர்ந்து அந்த வளைவு வந்தது. உச்சியில்கூட 42 அடிக் கனம் இருக்கிறது.

பாலத்தின் அடியில் பழைய கல்லடுக்கு ஒன்று, அடுப்போ வழிபாட்டு மேடையோ, இடிந்து கிடந்ததை கம்மிங்ஸ் கூட்டம் அன்றே பார்த்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர்களோ, நூறு ஆண்டுக்கு முந்தியவர்களோ, யாரோ அங்கே வந்து உட்கார்ந்து நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். இருந்தும் யார் கண்டுபிடித்தது என்ற வழக்கு பல ஆண்டுகள் பத்திரிகைகளிலும் நூல்களிலும் நடந்தது. கம்மிங்ஸா, டக்ளஸா? நஸ்ஜா பெகேயின் பெயரைப் பொறித்த வெண்கலத் தகடு 1927இல்தான் பாலத்தருகே வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1918இல் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் பாயூட் பள்ளத்தாக்குக்கும் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. ஜிம் மைக்குக்கான தகடு 1974 வரை காத்திருந்தது. நல்லவேளை, அவர் அப்போது உயிரோடு இருந்தார்.

1913 ஆகஸ்டில் அதே வழியில் இன்னொரு பெரிய மனிதர் வந்தார். முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட், மகன்கள் ஆர்ச்சியும் குவென்டினும் கூட. வழிகாட்டி, வழக்கம்போல, வெதரில். இதற்குள் அவர் கடையை கயெண்டாவுக்கு மாற்றியிருந்தார். ரூஸ்வெல்ட் ஊர் திரும்பி எழுதிய கட்டுரையில் பாலத்தின் கீழே தேங்கிய நீரில் மல்லாந்து மிதந்தது, இரவில் விழித்து நிலவில் அதைப் பார்த்தது எல்லாம் வருகிறது. என்னை நிறுத்தியது இன்னொரு வரி. கூட வந்த நவஹோ ஆள் பாலத்தை நெருங்கியதும் குதிரையைத் திருப்பி, பாறைமேல் சிரமப்பட்டு ஏறி, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து சேர்ந்துகொண்டார். பாலத்தின் அடியில் போகவில்லை. ரூஸ்வெல்ட் அதை மரியாதையோடுதான் குறித்திருக்கிறார். பேசாமல் தம் குதிரையை மட்டும் வேறு வழியில் திருப்பிக்கொண்டார் அந்த மனிதர். யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. நான்கு ஆண்டுக்கு முன் அடியில் போய் முதலில் நிற்பதற்காகக் குதிரையை விரட்டியவர்களை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதே 1913இல் நாவலாசிரியர் ஜேன் கிரேயும் வெதரிலோடு வந்து போனார். 1915இல் வெளிவந்த அவருடைய 'தி ரெயின்போ டிரெயில்' இந்த இடத்தை அமெரிக்கா முழுக்கப் பிரபலமாக்கியது. நாவலைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

பிரபலம் வந்தால் பாதை வந்தாக வேண்டும். நியூயார்க் பருத்தி வியாபாரி சார்லஸ் பெர்ன்ஹைமர் 1922இல் வெதரிலையும் தொல்லியலாளர் ஏர்ல் மாரிஸையும் சேர்த்துக்கொண்டு மலையை முழுச் சுற்றுச் சுற்றக் கிளம்பினார். தென்மேற்கே ஓரிடத்தில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆள் நுழையலாம், குதிரை நுழையாது. பெர்ன்ஹைமர் வெடிமருந்தும் கடப்பாரையுமாக இறங்கினார். சில நாள் உடைத்து, ரெட்பட் கணவாய் என்று இன்றைக்கும் பெயர் சொல்லும் ஒரு வழியைத் திறந்தார். குதிரை கால் வைக்கிற இடம் தெரிந்தவனைத் தேடுவது போய், தேவையான இடத்தில் கால் வைக்க இடம் உண்டாக்குவது வந்தது. இரண்டு ஆண்டில் மலையடிவாரத்தில் விடுதியும் வந்துவிட்டது. விடுதியிலிருந்து குதிரையும் கழுதையும் வாடகைக்கு.

அதையும் ஓரம்கட்டியது தண்ணீர். கொலராடோவின் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணையின் கதவுகள் 1963இல் மூடப்பட்டன. பாலத்துக்குத் தீங்கு வராது என்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வாசகம் இருந்தது. தடுப்பு கட்டப் பணம் மட்டும் ஒதுக்கப்படவில்லை. 1980இல் நீர்த்தேக்கம் நிரம்பியபோது பாலத்தின் அடியில் தண்ணீர் நின்றது. நவஹோப் பெரியவர்கள் 1974லேயே வழக்குப் போட்டிருந்தார்கள், எங்கள் தெய்வம் நீரில் மூழ்குகிறது என்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படகில் வந்து, பத்து நிமிடம் நடந்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டியது. தொண்ணூறுகளில் பூங்காத் துறை ஒரு வேண்டுகோள் பலகை வைத்தது: பாலத்தின் அடியில் நடக்காதீர்கள். அபராதம் கிடையாது, வேண்டுகோள்தான். ரூஸ்வெல்ட்டோடு வந்த அந்த ஆள் 1913இலேயே செய்துகாட்டியது.

தரைவழி இன்னும் இருக்கிறது. மலையின் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. தெற்கு வழி பெர்ன்ஹைமர் உடைத்த கணவாயில்தான் போகிறது. இரண்டுக்கும் நவஹோ தேசத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். தண்ணீரைக் கணக்குப் பண்ணி எடுத்துப்போக வேண்டும். கோடையில் போகாதீர்கள்.

அடுத்த வாரம் ஆற்றின் மறுகரைக்குப் போகிறோம். 1934 நவம்பரில் எஸ்கலாண்டே ஊரிலிருந்து இரண்டு கழுதைகளோடு தெற்கே இறங்கினான் எவரெட் ரூயஸ் என்ற இருபது வயது ஓவியன். ஜான் வெதரிலைத் தெரிந்தவன், கயெண்டாவில் அவரிடம் வழி விசாரித்தவன். சில மாதம் கழித்துத் தேடிப்போனவர்களுக்குக் கழுதைகள் கிடைத்தன.

(தொடரும்)